எபிரேயப் பெயர்களின் பொருளை எங்கிருந்து எடுப்பது? மூன்று வழிகளின் ஒப்பீடு

இஸ்ரவேல் என்ற பெயரின் பொருளைத் தேடுகிறவருக்கு ஒன்றோடொன்று ஒத்துப்போகாத மூன்று விடைகள் கிடைக்கின்றன. யாப்போக்கு ஆற்றருகே இரவெல்லாம் மற்போரிட்ட யாக்கோபுக்கு அந்தப் பெயர் சூட்டப்படுவதைச் சொல்லும் ஆதியாகமம் 32:28, அவன் தேவனோடும் மனிதரோடும் போராடி மேற்கொண்டதையே காரணமாகக் காட்டுகிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த யூத மெய்யியலாளர் ஃபிலோ அதே பெயரைக் ‘கடவுளைக் காண்பவன்’ என்று விளக்கினார். இன்றைய செமித்திய மொழியியலாளர்களோ, இவ்வகைப் பெயர்களில் இறுதியில் நிற்கும் ‘ஏல்’ என்ற கடவுட்சொல்லே எழுவாயாக அமையும் என்பதால், ‘ஏல் போராடுகிறார்’ அல்லது ‘ஏல் ஆள்வாராக’ என்பது போன்ற ஒரு வாக்கியமே இந்தப் பெயருக்குள் இருக்கிறது என்கின்றனர். அதாவது, பெயரின் இலக்கணப்படி போராடுபவர் கடவுள். கதையின்படி போராடியவன் யாக்கோபு.

இந்த வேறுபாடு அறிஞர்களுக்கு மட்டும் உரியதன்று. ஞாயிறு பள்ளிக்குப் பாடம் எழுதுபவர், பிரசங்கத்துக்குக் குறிப்பெடுப்பவர், பிறந்த குழந்தைக்கு வேதாகமப் பெயர் தேடும் பெற்றோர், பெயர் அகராதி தொகுப்பவர் ஆகிய அனைவரும் ஏதாவது ஒரு கட்டத்தில் ஒரு பெயருக்கு நேரே ஒரு பொருளை எழுதியாக வேண்டும். எதை எழுதுவது என்பதற்கு மூன்று வழிகள் உள்ளன: வேதாகமக் கதையே தரும் விளக்கம், பழைய உரையாசிரியர்களின் பெயர்ப்பட்டியல் மரபு, கல்வெட்டுகளையும் ஒப்பிலக்கணத்தையும் கொண்ட மொழியியல். இணையத்தில் சுற்றும் பெயர்ப்பட்டியல்களின் பெருங்குறை, இம்மூன்றையும் ஒரே நிரலில், எது எங்கிருந்து வந்தது என்று சொல்லாமல், கலந்து வைப்பதுதான்.

முதல் வழி எல்லாருக்கும் பழக்கமானது. கதையில் தாயோ தந்தையோ குழந்தைக்குப் பெயரிடும்போது ஒரு வாக்கியம் சொல்கிறார். அந்த வாக்கியத்திலுள்ள ஒரு சொல் பெயரோடு ஒலியில் ஒத்திருக்கிறது. அந்த ஒலியொப்புமையே விளக்கமாகிறது. இந்த ஒலியொப்புமை சில இடங்களில் இலக்கணத்தோடும் பொருந்திவிடுகிறது. இஸ்மவேல் என்பதற்கு ஆதியாகமம் 16:11 தரும் ‘கடவுள் கேட்டார்’ (செவிகொடுத்தார்) என்ற விளக்கமும், ஈசாக்கு என்பதற்குச் சிரிப்பை வைத்துத் தரப்படும் விளக்கமும் பெயர்ச்சொல்லின் அமைப்பை மீறவில்லை. ஆனால் நோவாவின் பெயரில் பொருத்தம் நழுவுகிறது. ஆதியாகமம் 5:29 அதை ‘ஆறுதல் அளித்தல்’ என்ற பொருளுடைய வினையோடு இணைக்கிறது. பெயரோ ‘இளைப்பாறுதல்’ என்ற வேறொரு வேர்ச்சொல்லுக்கு உரியது. இதைப் பழைய மொழிபெயர்ப்பாளர்களே கவனித்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. கிரேக்க மொழிபெயர்ப்பான எழுபதின்மர் பதிப்பில் அந்த வசனம் ‘நமக்கு இளைப்பாறுதல் தருவான்’ என்று திருத்தமாகவே வந்திருக்கிறது.

இவ்வகையில் மிகவும் சுவையானது சாமுவேலின் பெயர். பிள்ளையில்லாத அன்னாள் சீலோவில் வேண்டிக்கொண்டு பெற்ற மகனுக்கு, ‘கர்த்தரிடத்தில் அவனைக் கேட்டேன்’ என்று சொல்லிச் சாமுவேல் என்று பெயரிடுகிறாள் (1 சாமுவேல் 1:20). வேண்டிக் கேட்டல் என்பதற்கான எபிரேய வினை ‘ஷாஅல்’. அந்த வினையிலிருந்து ‘ஷெமூஏல்’ பிறக்க வழியில்லை. பிறப்பது ‘ஷாவூல்’, அதாவது ‘கேட்கப்பட்டவன்’ என்னும், இஸ்ரவேலின் முதல் ராஜாவான சவுலின் பெயர். எட்டு வசனங்கள் கழித்து, 1:28இல், மகனைக் கர்த்தருக்கு ஒப்படைக்கும்போது அன்னாள் சொல்லும் எபிரேயத் தொடரில் ‘ஷாவூல்’ என்ற சொல்லே, சவுலின் பெயர் எழுதப்படும் அதே வடிவில் நிற்கிறது. இது முதலில் சவுலின் பிறப்புக் கதையாக இருந்து பிற்பாடு சாமுவேலுக்கு மாற்றப்பட்டது என்று சில ஆய்வாளர்கள் கருதினர். கதாசிரியர் வேண்டுமென்றே இரு பெயர்களையும் ஒரு வினையால் கட்டியிருக்கிறார் என்ற மறுதரப்பே எனக்கு வலுவாகப் படுகிறது. மக்கள் தங்களுக்கு ராஜாவைக் ‘கேட்ட’ குற்றத்தை இதே நூலின் 12ஆம் அதிகாரம் மீண்டும் மீண்டும் அதே வினையால்தான் சுட்டுகிறது. அன்னாள் கேட்டதும் மக்கள் கேட்டதும் எதிரெதிரே நிறுத்தப்படுகின்றன. இப்படிப் பார்க்கும்போது, விளக்கம் இலக்கணப்படி தவறு என்று ஒதுக்குபவர் கதையின் முதுகெலும்பையே தவறவிடுகிறார்.

யோசேப்பின் பெயருக்கு அடுத்தடுத்த இரு வசனங்களில் இரு விளக்கங்கள் உள்ளன. ஆதியாகமம் 30:23இல் ராகேல் தன் நிந்தையைத் தேவன் ‘நீக்கினார்’ என்கிறாள். 24இல் இன்னொரு மகனைக் கர்த்தர் ‘கூட்டித் தருவாராக’ என்கிறாள். முதல் வினை ‘ஆசாஃப்’, இரண்டாவது ‘யோசேஃப்’. நீக்கலும் கூட்டலும் ஒரே பெயருக்குப் பொருளாவது அகராதிக்குச் சங்கடம். ராகேலின் மனநிலைக்கு அது மிகப் பொருத்தம். பெயரின் உண்மையான வடிவம் இரண்டாவதற்கே உரியது. தேம்பாவணியில் வீரமாமுனிவர் யோசேப்பை ‘வளன்’ என்று தமிழாக்கியபோது பற்றிக்கொண்டதும் இந்தப் பெருக்கப் பொருளைத்தான். அதே காப்பியத்தில் திருமுழுக்கு யோவான் ‘கருணையன்’ ஆகிறார். கத்தோலிக்க வழக்கில் அவரே ‘அருளப்பர்’. ‘கர்த்தர் அருள்கூர்ந்தார்’ என்னும் யோகனான் என்ற எபிரேயப் பெயருக்கு இவை ஒலிபெயர்ப்பல்ல, பொருள்பெயர்ப்பு.

முதல் வழிக்கு இரண்டு எல்லைகள் உண்டு. வேதாகமத்தில் வரும் ஆட்பெயர்களில் மிகச் சிலவற்றுக்கே கதை விளக்கம் தருகிறது. நாளாகமத்தின் வம்சவரலாறுகளில் நிரம்பிக் கிடக்கும் பெயர்களைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. இரண்டாவது, தமிழ் வேதாகமத்தை மட்டும் படிப்பவருக்கு விளக்கத்தின் பாதி காதில் விழுவதே இல்லை. ‘எடுத்தேன்’ என்ற வினைக்கும் ‘மோசே’ என்ற பெயருக்கும் தமிழில் எந்த ஒலித்தொடர்பும் கிடையாது. அடிக்குறிப்பு இல்லையென்றால் ‘ஆகையால் மோசே என்று பேரிட்டாள்’ என்பது காரணமே இல்லாத காரணமாக நின்றுவிடும்.

இரண்டாவது வழியைச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனென்றால் பொருள் கண்டறியும் கருவியாக அதை நான் பரிந்துரைக்கப் போவதில்லை. ஏறத்தாழ கி.பி. 390இல், வேதாகமத்தை இலத்தீனில் மொழிபெயர்த்த திருச்சபை அறிஞர் எரோணிமுஸ், வேதாகமத்தின் எபிரேயப் பெயர்களுக்கெல்லாம் இலத்தீனில் ஒரு விளக்கப்பட்டியல் தொகுத்தார். ஃபிலோவின் பெயரால் வழங்கிய கிரேக்கப் பட்டியலும், மூன்றாம் நூற்றாண்டுக் கிறித்தவ அறிஞர் ஓரிகன் அதைப் புதிய ஏற்பாட்டுப் பெயர்களுக்கு விரித்ததும் அவருக்கு அடித்தளம். பெயரைத் துண்டுகளாக உடைத்து ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எபிரேயச் சொல்லைப் பொருத்துவது இந்த மரபின் முறை. ‘கடவுளைக் காண்பவன்’ என்ற விளக்கம் அப்படி வந்ததே: ‘ஈஷ்’ (மனிதன்), ‘ராஆ’ (கண்டான்), ‘ஏல்’ (கடவுள்) என்று உடைத்தால் இஸ்ரவேல் கிடைத்துவிடும். தம் பட்டியலில் இந்த விளக்கத்துக்கு இடங்கொடுத்த எரோணிமுஸே, ஆதியாகமத்தைப் பற்றிய தம் ஆய்வுரையில் எழுத்துகள் பொருந்தவில்லை என்று காட்டி அதை மறுத்திருக்கிறார். பட்டியல் தொகுப்பவரும் உரை எழுதுபவரும் ஒரே ஆளாக இருந்தும் இரு வேறு விதமாக நடந்துகொள்ள நேர்ந்ததைப் பட்டியல்களை நம்புவோர் நினைவில் கொள்ள வேண்டும்.

இந்த மரபின் விளைவுகளோ நெடுந்தூரம் சென்றிருக்கின்றன. மரியாள் என்ற பெயரின் எபிரேய வடிவமான மிரியாமை ‘கடலின் ஒரு துளி’ என்று பிரித்த விளக்கம் இலத்தீனில் ‘ஸ்தில்லா மாரிஸ்’ ஆகும். அது படியெடுப்பில் ‘ஸ்தெல்லா மாரிஸ்’, அதாவது ‘கடலின் விண்மீன்’ ஆகிவிட்டது என்பதே பரவலான விளக்கம். அந்தப் பட்டம் கப்பலோட்டிகளின் வேண்டுதல்களிலும் வழிபாட்டுப் பாடல்களிலும் ஏறி, சென்னையின் ஒரு பெண்கள் கல்லூரிக்குப் பெயராகவும் நிற்கிறது. கிறித்தவக் கலையையும் பக்தி இலக்கியத்தையும் புரிந்துகொள்ள இரண்டாவது வழி இன்றியமையாதது. மிரியாமின் பெயருக்கு என்ன பொருள் என்ற கேள்விக்கு அது விடையாகாது.

மூன்றாவது வழியே கடந்த இரு நூற்றாண்டுகளில் பெரிதும் வளர்ந்தது. அதன் அடிப்படை, பெரும்பாலான எபிரேயப் பெயர்கள் சுருக்கப்பட்ட வாக்கியங்கள் என்ற கண்டறிவு. ‘கொடுத்தார்’ என்னும் ‘நாத்தான்’ என்ற வினையை எடுத்துக்கொண்டால், அதோடு ஏல் சேர்ந்து எல்நாத்தான், நெத்தனெயேல் ஆகிய பெயர்களும், இறைப்பெயரின் சுருக்கமான யோ அல்லது யா சேர்ந்து யோனத்தான், நெத்தனியா ஆகிய பெயர்களும் உருவாகின்றன. கடவுட்பெயர் உதிர்ந்துபோனால் தீர்க்கதரிசி நாத்தானின் பெயர் மிஞ்சுகிறது. 1928இல் ஜெர்மானிய அறிஞர் மார்ட்டின் நோத் இஸ்ரவேலரின் ஆட்பெயர்களை இப்படி அமைப்புவாரியாக வகைப்படுத்திய ஆய்வு இன்றும் இத்துறையின் தொடக்கப் புள்ளிகளுள் ஒன்று. வாக்கியமாக அமையாத பெயர்களும் உண்டு: தெபொராள் தேனீ, யோனா புறா, ராகேல் பெண்ணாடு, தாமார் பேரீச்சை. அயல்மொழிப் பெயர்களும் உண்டு: ஆரோனின் பேரனான பினெகாசின் பெயர் ‘நூபியன்’ என்று பொருள்படும் எகிப்தியச் சொல், மொர்தெகாயின் பெயரில் பாபிலோனியத் தெய்வமான மர்தூக் இருக்கிறது.

இந்த வழியின் வலிமை, வேதாகமத்துக்கு வெளியே சான்று தேட முடிவதுதான். யாக்கோபு என்ற பெயரையே பார்க்கலாம். ஆதியாகமம் 25:26 அதைக் ‘குதிகால்’ என்ற சொல்லோடு இணைக்கிறது. 27:36இல் ஏமாந்துபோன அண்ணன் ஏசா அதே வேரை ‘ஏமாற்றினான்’ என்று திருப்பி வீசுகிறான். ஆனால் கி.மு. இரண்டாம் ஆயிரத்தின் முற்பகுதியில் மெசொப்பொத்தாமியாவில் வழங்கிய அமோரியப் பெயர்களில் இதே வினையும் ‘ஏல்’ என்பதும் சேர்ந்த வடிவம் காணப்படுகிறது. கி.மு. 15ஆம் நூற்றாண்டு எகிப்திய மன்னர் மூன்றாம் துத்மோசின் கர்னாக் பட்டியலில் ‘யாக்கோப்-ஏல்’ என்று படிக்கத்தக்க கானானிய ஊர்ப்பெயர் ஒன்று இருக்கிறது. எத்தியோப்பியாவின் கீஸ் மொழியில் இந்த வேருக்கு இன்றும் ‘காத்தல்’ என்றே பொருள். இவற்றைச் சேர்த்துப் பார்க்கும்போது, பெயரின் பழைய முழுவடிவம் ‘ஏல் காப்பாராக’ என்ற வேண்டுதலாக இருந்திருக்க வேண்டும் என்பது பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. எந்தத் தாயும் தன் பிள்ளைக்கு ‘ஏமாற்றுக்காரன்’ என்று பெயர் வைக்க மாட்டாள் என்ற சாதாரண அறிவும் இதற்குத் துணைநிற்கிறது.

கதை எதை மறைத்தது என்பதையும் இந்த வழி காட்டும். 2 சாமுவேல் இஸ்போசேத் என்று குறிப்பிடும் சவுலின் மகனை, 1 நாளாகமம் 8:33 எஸ்பால் என்று எழுதுகிறது. ‘போசேத்’ என்றால் வெட்கம்; எஸ்பாலில் உள்ள ‘பால்’, பாகால் என்னும் கானானியத் தெய்வத்தின் பெயர். பாகாலின் பெயர் ஒரு ராஜகுமாரன் பெயரில் இருப்பதைப் பொறுக்காத பிற்காலத்தவர் அதை நீக்கி வெட்கத்தை வைத்தனர் என்பது நெடுநாளைய கருத்து. 2012இல் எருசலேமுக்குத் தென்மேற்கே கிர்பெத் கெயாஃபாவில் கிடைத்த ஜாடி ஒன்றில், ஏறத்தாழ கி.மு. 10ஆம் நூற்றாண்டு எழுத்தில், வேறொருவனுடைய பெயராக இதே எஸ்பால் பொறிக்கப்பட்டிருந்தது. பாகால் பெயர்கள் அக்காலத்தில் இயல்பாக வழங்கின என்பதற்கு இது நேரடிச் சான்று. கி.மு. 8ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட சமாரியாவின் பானையோடுகளிலும் பாகால் பெயர்களும் யா பெயர்களும் அருகருகே வருகின்றன. தாவீதின் மகனொருவன் ஒரு நூலில் எலியாதா, இன்னொன்றில் பெலியாதா என்று இருப்பதற்கும் விளக்கம் இங்கேதான் கிடைக்கிறது.

மூன்றாவது வழியை விரும்புவோர் அதன் வழுக்கல்களையும் அறிந்திருக்க வேண்டும். கல்வெட்டுகள் மெய்யெழுத்துகளை மட்டுமே தருகின்றன. வேதாகமப் பெயர்களின் உயிரொலிகளை, எபிரேய மூலத்தைப் பேணிய யூத அறிஞர்களான மசோரெத்தியர் குறியீடுகளாக வரைந்தது கி.பி. முதல் ஆயிரமாண்டின் பிற்பகுதியில்தான். மிரியாம் என்று அவர்கள் குறித்த பெயர் எழுபதின்மர் பதிப்பில் ‘மரியாம்’ என்றே இருக்கிறது. இன்னொரு சிக்கல், சான்றுகளின் பிறப்பிடம். எரேமியா 36இல் வரும் சாப்பானின் மகன் கெமரியாவின் பெயர் பொறித்த களிமண் முத்திரை 1982இல் எருசலேமில் தாவீதின் நகரத்தில் முறையான அகழாய்வில் கிடைத்தது. அதை ஐயமின்றிப் பயன்படுத்தலாம். எரேமியாவின் எழுத்தர் பாருக்கின் முத்திரை என்று 1970களில் பழம்பொருள் சந்தையில் தோன்றியதையோ, பின்னர் ஆராய்ந்தவர்கள் போலி என்று கூறிவிட்டனர். இரண்டையும் ஒரே மூச்சில் மேற்கோள் காட்டும் பிரசங்கக் குறிப்புகள் தமிழிலும் ஏராளம்.

மொழியியல் தனியே நின்று தீர்க்க முடியாத பெயருக்கு மோசே நல்ல உதாரணம். யாத்திராகமம் 2:10இல் பார்வோனின் மகள் ‘தண்ணீரிலிருந்து எடுத்தேன்’ என்று சொல்லிப் பெயரிடுகிறாள். எகிப்திய இளவரசி எபிரேயச் சிலேடை பேசுவது ஒருபுறம் இருக்க, ‘மோஷே’ என்ற வடிவம் இலக்கணப்படி ‘எடுக்கப்பட்டவன்’ அன்று, ‘எடுப்பவன்’. முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேஃபஸ் இதை எகிப்தியத் ‘தண்ணீர்’ என்ற சொல்லிலிருந்து வருவிக்க முயன்றார். அது இன்று ஏற்கப்படுவதில்லை. துத்மோசு, ராமசேசு ஆகிய பெயர்களின் பின்பகுதியாக வரும் ‘பிறந்தவன்’ என்ற எகிப்தியச் சொல்லே மூலம் என்பது பெரும்பான்மைக் கருத்து. அதற்கும் தடை உண்டு: எகிப்தியச் சகரம் எபிரேய ராமசேசில் சகரமாகவே இருக்க, மோஷேயில் ஷகரமாக மாறியது ஏன் என்று கேட்கப்படுகிறது; கடன்வாங்கிய காலம் வேறாக இருக்கலாம் என்பது அதற்குச் சொல்லப்படும் விடை. இவ்வளவு ஆன பிறகும், ‘எடுப்பவன்’ என்ற வடிவம் தன் மக்களைத் தண்ணீரைக் கடந்து வெளியே எடுக்கப் போகிறவனுக்கு எவ்வளவு இசைவானது என்பதைக் கதையைப் படிப்பவர் காணத் தவற முடியாது.

இனி, தேர்வு. பிரசங்கமோ பாடமோ தயாரிப்பவர், கதை விளக்கம் தரும் பெயர்களுக்கு முதல் வழியையே எடுக்க வேண்டும். அங்கே ஆசிரியர் சொல்ல வருவது அதுதான். ஆனால் ‘எபிரேயத்தில் இந்தப் பெயருக்கு இதுதான் பொருள்’ என்று எழுதாமல் ‘இந்தப் பெயரைக் கதை இப்படி விளக்குகிறது’ என்று எழுத வேண்டும். கதை விளக்காத பெயருக்கு ஒரு போதனையைக் கற்பித்துச் சேர்ப்பதைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும். ஆதியாகமம் 5இன் பத்துப் பெயர்களை வரிசையாக மொழிபெயர்த்து அதில் ஒரு நற்செய்தி வாக்கியம் ஒளிந்திருப்பதாகக் காட்டும் பழக்கம், துண்டு துண்டாக உடைத்துப் பொருத்திய பழைய பட்டியல் முறையின் மறுபிறவியே. அதற்கு மொழியியல் ஆதாரம் கிடையாது.

குழந்தைக்குப் பெயர் தேடும் பெற்றோருக்கு மூன்றாவது வழியே நல்லது என்பேன். பட்டியல்களில் ‘ஏமாற்றுபவன்’ என்று பார்த்துவிட்டு யாக்கோபைக் கைவிடுபவர்கள், ஏசா கோபத்தில் சொன்ன சொல்லை அகராதிப் பொருளாக எடுத்துக்கொள்கிறார்கள். ‘கடவுள் காப்பாராக’ என்று பெயரிட்ட பழைய பெற்றோரின் எண்ணமே இன்றைய பெற்றோரின் எண்ணத்துக்கு நெருக்கமானது. மாறாக நாபால் போன்ற பெயரில், மூடன் என்ற பொருளை 1 சாமுவேல் 25:25இல் அவன் மனைவி அபிகாயிலே உரக்கச் சொல்லிவிட்டதால், மூலப்பொருள் வேறாக இருந்திருக்கக் கூடும் என்ற மொழியியல் வாதம் யாரையும் அந்தப் பெயரின் பக்கம் திருப்பப் போவதில்லை.

பெயர் அகராதி தொகுப்பவர் ‘பொருள்’ என்ற ஒற்றை நிரலை விட்டுவிட்டு, ‘கதை தரும் விளக்கம்’, ‘சொல்லமைப்பு’ என்று இரண்டு நிரல்கள் அமைப்பதே சரி. சாமுவேலுக்கு முதலாவதில் ‘கர்த்தரிடம் கேட்கப்பட்டவன்’ என்றும், இரண்டாவதில் ‘அவர் பெயர் ஏல்’ அல்லது ‘ஏலின் பெயர்’ என்றும் வரும். எல்நாத்தானுக்கு முதல் நிரல் வெறுமையாக இருக்கும். மிரியாமுக்கு இரண்டு நிரல்களிலும் எழுத ஒன்றுமில்லை: கசப்பு, கலகம், எகிப்திய மொழியில் ‘நேசிக்கப்பட்டவள்’ என்று முன்மொழிவுகள் பல இருந்தும் எதுவும் நிலைபெறவில்லை. அங்கே ‘பொருள் உறுதியில்லை’ என்று அச்சிட்டு, கடலின் விண்மீனை வழிபாட்டு மரபு என்ற அடிக்குறிப்பில் வைத்தால் போதும்.